வெயில் தொடாத கை

இன்று பகல் கோட்டூர்புரம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது என் மருந்துப் பைக்குள் ஒரு டியூப் பிதுங்கிவிட்டது. இந்த வெயிலில் அது ஒன்றும் அதிசயமில்லை. பாலம் இறங்கி, ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்தேன். யாருக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீன். மாத்திரை அட்டைகள் மேலெல்லாம் வெள்ளையாக வழிந்து கிடந்தது. துடைக்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியது, அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை என்று நீ சொல்வாய். தினமும் காலையில் கடையின் பின்பக்கத்துக் கண்ணாடி முன் நின்று, மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் அதை அப்பிக்கொள்வாய். "பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வூடு மாரி கீறேன்டி" என்று நீயே சிரிப்பாய். மத்தியானம் பாதிச் சுற்று முடிந்ததும் எந்தத் தெருவாக இருந்தாலும் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இன்னொரு தடவை பூசிக்கொள்வாய். சோறு தள்ளிப்போகும். அது தள்ளிப்போனதே இல்லை.

பையைச் சுத்தம் செய்துவிட்டு நான் உடனே கிளம்பவில்லை. மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று உன்னோடு பேசினேன். மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆழ்வார்பேட்டை மருந்துக் கடையில் நாம் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பிள்ளைகள் எல்லாம் அமெரிக்காவில், அப்பா அம்மா மட்டும் மயிலாப்பூரிலும் அடையாறிலும். அவர்களுக்கு நாம்தான் வாசல் மணி அடிக்கும் மனிதர்கள். கடையில் இருந்தவை இரண்டு சிவப்பு கியர் பைக்குகள். பொம்பளைப் பிள்ளைகள் ஓட்டுவார்களா என்று நம் முதலாளி அண்ணாச்சி சந்தேகமாகப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாய், கிக்கரை ஓர் உதை உதைத்தாய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் செருப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய். அன்றைக்கே எனக்கு உன்மேல் ஒரு கர்வம் வந்துவிட்டது. நான் என்னமோ பெற்று வளர்த்த மாதிரி.

அடுத்த கோடையில் உன் கன்னத்திலும் முன்னங்கையிலும் தடிப்புகள் வந்தன. வேர்க்குரு என்று பவுடர் போட்டோம். பிறகு மூட்டெல்லாம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். ஏகப்பட்ட சோதனைக்குப் பிறகு டாக்டரம்மா லூபஸ் என்றார். உடம்பே தன்னோடு சண்டை போட்டுக்கொள்ளும் நோய், வெயில் பட்டால் அந்தச் சண்டை மூளும் என்று விளக்கினார். "வெயில்ல போகாதீங்க. போய்த்தான் ஆகணும்னா ஒரு இடம் விடாம மூடிக்குங்க" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் வாக்கியம் உன் காதில் விழவே இல்லை என்பதை அப்போதே பார்த்தேன்.

உன் அண்ணன் வீட்டில் தினமும் இதே பேச்சு. "வூட்ல குந்து, இல்லாங்காட்டி கவுண்ட்டர்ல குந்து" என்றார் உன் அண்ணி. அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் நீ என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "கவுண்ட்டர்ல குந்துனா நான் மருந்து விக்கறவ. வண்டில போனா நான் வருவேன்னு ஒருத்தர் வாசல பாத்துக்கினு கீறாரு. அத வுட்டுட்டு எப்பிடிடி குந்தறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ரங்கநாதன் தெருவுக்கு இழுத்துப் போனாய். கட் பீஸ் கடை கடையாக ஏறினோம். நீ நிறம் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாய், திருப்பிக் கொடுத்துவிடுவாய். பின்னாலேயே ஓடிவந்த கடைப் பையனுக்கு நாம் துணியோடு ஓடிவிடுவோமோ என்று பயம்.

"கலர் பாக்கறீங்களாக்கா? உள்ள லைட்லயே நல்லா தெரியும்" என்றான்.

"கலர் இல்லப்பா, ஓட்டை பாக்கறேன். வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தா வெயிலும் வரும்" என்றாய்.

வெள்ளைப் பருத்திதான் குளிர்ச்சி என்று நான் எடுத்துக் கொடுத்தவற்றில் எல்லாம் சூரியன் பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் அரக்கு நிறத்தில் நெருக்கமாக நெய்த பேன்ட் துணி ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கிப் பிடித்தபோது உன் முகத்தில் முழுசாக நிழல் விழுந்தது. அந்த நிழலுக்குள்ளிருந்து சிரித்தாய் பார், அதை நான் எப்படி மறப்பேன்?

அந்தத் துணியில்தான் கையுறை தைத்தாய். தோளில் தொடங்கி நகம் வரைக்கும் நீளும். விரல்களின் மேல்பக்கத்தை மூடி எலாஸ்டிக்கில் நிற்கும். கிளட்ச் பிடிக்க உள்ளங்கை மட்டும் திறந்திருக்கும். ஹெல்மெட்டுக்குப் பின்னால் பிடரியை மறைக்க ஒரு தொங்கல். கட்டைவிரல் பிரித்த சாக்ஸ் மேல் செருப்பு. முகத்தில் ஷாலை இரண்டு சுற்றாகச் சுற்றிக் காதுக்குப் பின்னால் செருகிவிடுவாய். எனக்கும் அதே துணியில் ஒரு ஜோடி தைத்தாய். எனக்கு நோய் இல்லைதான். நீ மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று நானும் மாட்டிக்கொண்டேன், ஷாலையும் உன்னைப் போலவே சுற்றிக்கொண்டேன். என்ன, வேர்த்தால் நான் சுருட்டிவிட்டுக்கொள்வேன். நீ சுருட்டியதே கிடையாது.

முதல் நாளே, கோட்டூர்புரத்தில் நம்மிடம் மருந்து வாங்கும் மாமி ஒருவர் கதவுத் துவாரத்தில் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். "யாருடிம்மா அது, மூஞ்சிய மூடிண்டு? ஆத்துல யாரும் இல்லேன்னு நெனச்சுண்டு வந்தியா?" என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார். நீ ஷாலை இறக்கி, "பிரஷர் மாத்திரை மாமி, இது இல்லாங்காட்டி இன்னும் கத்துவீங்க" என்றாயாம். அதற்கப்புறம் மாமி உன்னைத் தவிர யார் போனாலும் முகம் சுளிப்பார்.

பெட்ரோல் பங்கில் ஓர் அம்மாள் கேட்டதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏற்கனவே கறுப்பு. இம்மாம் மூடிக்கினு இன்னா கலரா ஆவப்போற?" நான் வாயைத் திறப்பதற்குள் நீயே பதில் சொன்னாய். "கலர் ஆவறதுக்கு இல்லக்கா. இந்தக் கறுப்பு எங்கம்மா குடுத்தது. அது கெட்டுடக் கூடாதுன்னு பொத்தி வெச்சுக்கினு கீறேன்." அந்த அம்மாள் நம் வண்டி கிளம்பும்வரை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு செய்தும் அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாசத்திலிருந்து உனக்கு வண்டி கிடையாது, கவுண்ட்டர்தான், அதை நானே உன்னிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். நான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். சாயங்காலம் உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நாள் முழுக்க வார்த்தை தேடினேன். அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அடையாறு சிக்னல் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவர். தினமும் வேலை முடிந்து நான்தான் அவரைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்குப் போவேன். அன்று எனக்குக் கொஞ்சம் தாமதம். அந்தப் பக்கமாக வந்த நீ அவரைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று வண்டியை ஓரம் கட்டினாய். சிவப்பு பைக், அரக்குக் கை, கண் மட்டும் தெரியும் முகம். இந்த ஊரில் அப்படி இன்னொருத்தி இருப்பாளா? நான்தான் என்று நினைத்து மனிதர் ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் பேச்சையும் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி சொன்னத அவகிட்ட சொல்லிட்டியா? வண்டி கெடையாதுன்னு? நீ இன்னிக்கி சொல்லாத. பாவம், தாங்க மாட்டா அவ."

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கியரை மாற்றிக் கிளம்பினாய். அடையாறு பாலம், கிரீன்வேஸ் சாலை என்று வழியெல்லாம் அவர் உனக்காகவே உன்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாயாம்.

"வூடு வந்துடுச்சிண்ணா. தாங்கிக்கினேன் பாரு."

பஸ் ஸ்டாப்பில் அவரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். மனிதர் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து பின் சீட்டில் ஏறும் முன் "நீதான?" என்று கேட்காமல் அவர் கால் தூக்கியது இல்லை.

மறுநாள் கடை திறந்ததும் நீ அண்ணாச்சி முன்னால் போய் நின்றாய்.

"ஏம்மா, எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்றார் அவர். கண் கலங்கித்தான் கேட்டார்.

"வெயில் எம்மேல பட்டாத்தான அண்ணாச்சி? கத்திரி முடியட்டும். டாக்டரம்மா பாக்கட்டும். ஒரு தடிப்பு கூடியிருந்தாலும் சாவிய நானே ஆணில மாட்டிட்டு கவுண்ட்டர்ல குந்திக்கறேன். இல்லன்னா அந்த வண்டி எனுது."

கோடையிலேயே கொடுமையான நாட்களைத்தான் பந்தயமாகக் கேட்டாய்.

அந்தக் கத்திரியில் உன்னைப் பார்த்திருக்கிறேன். லஸ் சிக்னலில் வண்டிக்காரர்கள் எல்லாம் வெள்ளைக் கோட்டுக்கு வெகுதூரம் பின்னாலேயே மரநிழலில் ஒண்டிக்கொள்வார்கள். எந்தச் சட்டமும் இல்லாமல் இந்த ஊரே கடைப்பிடிக்கும் வழக்கம் அது. நீ மட்டும் நேராகக் கோடு வரை போய், பட்டப்பகலில் ஒற்றை ஆளாக நிற்பாய். உள்ளுக்குள் எப்படி வேர்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "இங்க வாடி, நெழலுக்கு" என்று ஒரு நாள் கத்தினேன். திரும்பிப் பார்த்தாய். "நெழல நான் கூடவே இட்டுக்கினு வந்துகீறேன்டி!" நிழலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கத்திரி முடிந்து டாக்டரிடம் போனோம். அவர் உன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார், ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார். "பரவாயில்லையே, சொன்னபடி வீட்டிலேயே இருந்துட்டீங்க போல" என்றார்.

நீ ஹெல்மெட்டை எடுத்து மேசை மேல் வைத்தாய். "இல்ல மேடம், வண்டி கீழ கீது."

டாக்டர் உன் அரக்குக் கையுறையை வாங்கினார். எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நீ ரங்கநாதன் தெருவில் செய்த அதே காரியம். "இது எங்க கிடைக்குது?" என்று கேட்டார். "நான் தச்சது மேடம்" என்றாய். அந்த அறையில் அன்று உன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

அண்ணாச்சி சாவியை உன் கையில் கொடுக்கவில்லை. ஆணியிலேயே மாட்டி, அதற்கு மேல் உன் பெயரை எழுதி ஒட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நோய் உன்னை விட்டுப் போய்விடவில்லை. மாத்திரை ஓயவில்லை, மூட்டு வலி வந்து வந்து போயிற்று. ஆனால் அப்புறம் எத்தனை கோடை வந்தது, எத்தனை கோடையை நீ வண்டியில் கடந்தாய்! கடைசியில் உன்னைக் கொண்டுபோனது கோடையே இல்லை. போன வருஷம், சூரியனையே பார்க்க முடியாத ஐப்பசி அடைமழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்கூட நீ இருக்கவில்லை.

உன்னைக் குளிப்பாட்டப் பெண்கள் நாங்கள் சுற்றி நின்றோம். உன் அண்ணி அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினார். "எம்மாம் சொன்னேன், கேட்டாளா? வெயில்ல சுத்திச் சுத்தியே உசுர வுட்டுட்டாளே." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் ரவிக்கைக் கையை மேலே தள்ளி, என் கையை உன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கையுறையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓட்டின கை. முழங்கைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம், மணிக்கட்டில் வாட்ச் பட்டைக்கு இன்னொரு நிறம். வண்டி ஓட்டுகிற யார் கையும் அப்படித்தான் இருக்கும். உன் கை தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே கறுப்பு. ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை.

"பாருங்கண்ணி, நல்லா பாருங்க. வெயிலு இவளத் தொடவே இல்ல" என்றேன்.

அண்ணி சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு உன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மஞ்சளை மெதுவாக, ஒரு விரல் விடாமல் பூசினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் இப்போது கையுறையைச் சுருட்டுவதில்லை. என்னுடையது நைந்துவிட்டது. நான் போட்டிருப்பது உன்னுடையது, அண்ணியே கொடுத்தார். என் முழங்கையில் இருந்த கோடு மங்கிக்கொண்டு வருகிறது. நீ பார்த்தால் கேலி செய்வாய்.

இன்று சாயங்காலமும் அடையாறு பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினேன். சிவப்பு பைக்கில் அரக்குக் கை போட்டுக்கொண்டு வர இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு காலைத் தூக்கியபடியே நின்று, வழக்கம்போலக் கேட்டார்.

"நீதான?"

கையில் இன்னும் அந்தச் சுண்ணாம்பு வாசனை இருந்தது.

"ரெண்டு பேருந்தான். ஏறு" என்றேன்.