ஆற்றோரத்து மகிழமரம்

கூலிம்,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்பு மகன் மார்க்கஸுக்கு,

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். உன் போன் நம்பர் மாறிவிட்டது. சித்தப்பா மகன் பிரெடிதான் இந்த ஜொகூர் முகவரியைக் கொடுத்தான். நான் உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

என் முழங்கால் வலி பரவாயில்லை. நளினிக்கு டீச்சர் வேலையும் பிள்ளையுமாகச் சிரமம் இல்லையே?

நீ இந்துக் கோயிலில் நளினிக்குத் தாலி கட்டியதிலிருந்து, இந்த மூன்று வருஷமாக அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. ஆனால் ஒரு புதுச் சேதி சொல்கிறேன். கம்பெனி பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு எட்டு மணிவரை தூங்கிய மனுஷன், ஒரு மாதமாக விடிந்ததும் கிளம்பிவிடுகிறார். எங்கே என்றால், "சும்மா ஜாலான் ஜாலான்தான்லா, நடந்துட்டு வரேன்" என்கிறார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பூவாசம்! எனக்குத் தலை வெடித்துவிடும் போலாகிவிட்டது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ரமணியின் மோட்டார் சைக்கிளில் ஏறி, பின்னாலேயே போனேன். ஆற்றோரத்துப் பழைய பூங்காவுக்குள் நுழைந்தார். அல்லிக்குளம், வளைந்த பாலம் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கரையோரம் நிற்கும் பெரிய மரத்தடிக்குப் போய், குனிந்து பூப் பொறுக்கினார்.

அவர் போனபின் தோட்டக்காரர் பக்கிரிசாமி அண்ணனைக் கேட்டேன். அப்பா முதல் நாளே வந்து, இங்கே மகிழமரம் எது என்று விசாரித்தாராம். மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்பார்களே, அதுதான் என்று இவர் காட்டியிருக்கிறார். ஏன் கேட்டார் என்று அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. பேத்திக்கு மகிழினி என்று பெயர் வைத்திருப்பதாகப் பிரெடி சொன்னபோது அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஆற்றுப்பக்கம் வேலிக்கம்பி ஒன்று ஆடியதாம். "சின்னப் பிள்ளை ஓடிவந்தா என்னண்ணே ஆவறது?" என்று அப்பா சத்தம் போட்டாராம். மறுநாள் வீட்டிலிருந்து கம்பி கொண்டுபோய், தானே முட்டிபோட்டுக் கட்டினாராம். இந்த வயதில் அவருக்குத் தெரிந்த சின்னப் பிள்ளை வேறு யார், சொல்.

அவர் வாய்விட்டுக் கூப்பிடமாட்டார். உனக்கும் அதே பிடிவாதம். நான் கூப்பிடுகிறேன். பள்ளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். நளினியை முதலில் வாசலுக்குள் அனுப்பு, ஆரத்தி எடுக்க நான் நிற்பேன். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ எதுவும் பேசாதே, மகனே.

உங்கள் வரவை ஜெபித்துக் கொண்டிருக்கும்,
அம்மா பிரிஜெட்