பெயர் வைக்காத கல்

நாள் 41, 09:10
சிறுகோள் நிலையம். ஒரே அறை, ஒரே ஆள். எழுதுவது ஜெபமலர், கனிமவியலாளர். அறைக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்.

புதுக் கனிமம் கிடைத்திருக்கிறது. மாங்கனீசு சிலிகேட். ரோஜாச் சிவப்பு. கடினத்தன்மை பத்துக்கு ஆறு. தட்டினால் பலகை பலகையாகப் பிளக்கிறது. பெயர் இல்லை. கண்டுபிடித்தவர் தன் பெயரை வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் மரபு. பண்புகளை எழுதுவது மட்டும் அவர் உரிமை; அதில் யாரும் கை வைக்க முடியாது. பெயர் வைக்கப் பூமியில் ஒரு குழு இருக்கிறது. தலைவர் டாக்டர் புருஷோத்தமன். முப்பது வருடத்தில் ஒரு கல்லைக்கூடக் குனிந்து எடுக்காதவர்.

நாள் 44, 11:30
தலைவரின் செய்தி: "என்னம்மா ஜெபா, துண்டா வெச்சுப் பாத்தா கமிட்டி ஒத்துக்காது. இருநூறு கிலோவ மாவா அரைச்சு, தட்டுல பரப்பி, ரூம் காத்துல ஒரு வாரம் வையி, கல்லு மாறுதான்னு பாக்கணும். ரூல்னா ரூல்தான்."

அந்த விதி பூமிக்காக எழுதியது. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. சொல்லிப் பார்த்தேன். "நீ புதுசா ரூல் எழுதாத" என்று பதில். அரைத்தேன். கல் பதிவாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்த வெட்கக்கேட்டையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 47, 08:05
மாவு கறுக்கிறது. மாங்கனீசு ஆக்ஸிஜனை இழுக்கிறது. தட்டுகள் சுடுகின்றன. அறையில் 17 சதவீதம். இருப்பு சிலிண்டர்களைத் திறந்தேன். அதையும் குடிக்கிறது.

இருநூறு கிலோவை மூடி வைக்க இங்கே கலன் இல்லை. வெளியேற்ற ஒரே கதவு. வெளியே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவான பெயர் கேட்கும். பெயரில்லாத கல்லுக்குத் திறக்காது. இப்படியொரு கதவைச் செய்யச் சொன்னதும் அதே குழுதான். மூளையை அடகு வைத்த கூட்டம்.

நாள் 47, 11:40
14 சதவீதம். அனுப்பினேன்: "ஏதாவது ஒரு பேர் குடுங்க சார். மூச்சு முட்டுது."

பதில்: "அவசரப்பட்டா எப்படிம்மா? வியாழக்கிழமதான் கமிட்டி. ஒண்ணு பண்ணு, நீயா என் பேர முன்மொழி. யாரும் எதிர்க்க மாட்டாங்க."

மனுஷனா இவர்! முன்மொழிந்தேன். உயிரோடிருப்பவர் பெயர் என்றால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். செய்தி போய்வர நாற்பது நிமிடம். நாற்பத்தோராவது நிமிடம் கடிதம் வந்துவிட்டது, வியாழக்கிழமைக்குக் காத்திராத கமிட்டி ஒப்புதலும் அவர் கையெழுத்துமாக.

நாள் 47, 15:20
கதவு திறந்தது. மாவு போய்விட்டது. 10 சதவீதம். சிலிண்டர்கள் காலி. கப்பல் வர இன்னும் ஆறு நாள். பயமாக இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. பண்புகள் பகுதி இன்னும் நிரப்பவில்லை.

நாள் 47, 15:50
பெயர்: புருஷோத்தமைட். சம்மதக் கடிதம் இணைப்பில்.
பண்புகள்: பார்வைக்குப் பகட்டு. லேசாகத் தட்டினால் பிளக்கும். இருக்கும் அறையில் மற்றவர் மூச்சை எடுத்துக்கொள்ளும். எடுத்ததைத் திருப்பித் தராது. கறுத்தபின் பழைய நிறம் வராது.
பயன்: இல்