பாவு பிடித்த அம்மிக்குழவி

"நான் இழுத்துப் பிடிக்காம நீ பாவு நூலச் சுத்திருவியாட்டி?" என்று காலையில் கோபித்துக்கொண்டு போன கணவன் பகவதியப்பனுக்கு, தாணம்மாள் தறியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுத் தக்கலை பஸ்ஸைப் பிடித்தாள்.

"மரச்சீனிக் கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். காந்தாரி மொளகு நசுக்க அம்மிக்குழவியத் தேடாதீங்க. அது பாவு நுனியில தொங்குது. அவுத்துராதீங்க! குழவி மேல ஏற ஏற முழத்துக்கு முழம் இறக்கிக் கட்டி, உருளையில சுத்துக்குச் சுத்து காகிதம் வச்சு, ஒத்தையில சுத்தியாச்சு. ஒரு இழை தொய்யல. தொட்டுப் பாருங்க."

சீட்டின் அடியில் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தாள்:

"கடைசி ரெண்டு மீட்டர் விட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு வந்து நான் சுத்துகேன், நீங்க பிடிங்க. குழவி நல்லாத்தான் பிடிக்குது. ஒரு வார்த்த பேசத்தான் மாட்டேங்குது."