மழைக்கு முன்னும் பின்னும் மல்லாட்டைக் கொடி

செவ்வாய், ஐப்பசி 9.

அடி அண்ணாமலையில் குப்பம்மாவின் காய்ந்த மல்லாட்டைக் கொடியை, அதான் வேர்க்கடலைக் கொடியை, மாட்டுத் தீவனத்துக்கு விலை பேசி முடித்தேன். ரெண்டு ஏக்கர். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் எல்லாம் பருப்பில்லாத பொக்குக் காய். அரசாங்கம் தரும் வறட்சி நிவாரணம்தான் அவளுக்கு இந்த வருஷ வரும்படி. தாலுகா ஆபீஸ் ஆள் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்வரை செடியைத் தொடக்கூடாதாம்.

மலைக்கு மேலே மேகம் கறுத்து நின்றது. "இப்ப பெய்ஞ்சா செடி பச்சை கட்டிக்கும் பாய். உள்ள பருப்பு இல்லன்னு குனிஞ்சு யாரு பாக்கப் போறாங்க? பயிர் நல்லாருக்குன்னு எழுதிக்கினு போயிடுவாங்க" என்றாள்.

பச்சைக் கொடிக்கு விலை ஜாஸ்தி. நான் அண்ணாந்து பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"என்னா பாய், மழை வரணும்னு வேண்டிக்கினு வந்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வந்தா எனக்கு லாபம்தாம்மா" என்றேன்.

"அப்ப அந்த லாபத்துல எனக்கும் குடுங்க."

அரை மணி நேரம் இழுத்தாள். கடைசியில் ஒத்துக்கொண்டேன். ஆள் வந்து பார்க்கும்வரை காய்ந்தே நின்றால் ஏக்கருக்கு அறுநூறு ரூபாய். முன்னாடியே மழை பெய்து நிவாரணம் போய்விட்டால் ஏக்கருக்கு ஆயிரத்து நூறு. எப்படியானாலும் பிடுங்குகிற கூலி என்னுடையது.