ரெண்டு கையையும் விட்டுட்டேன், புள்ள

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ‘ழ’வின் வாலை எந்தப் பக்கம் சுழிப்பது என்று இன்னும் தடுமாறுகிறேன். வரிகளும் காற்றில் சாய்ந்த தென்னை மாதிரி ஒரு பக்கமாகவே போகின்றன. நீ போன பிறகு, எழுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து இது. பஸ் போர்டைக்கூட நீதானே எனக்குப் படித்துச் சொல்வாய். அந்த ஆள் உனக்கே மடல் எழுதுகிறான். இதையே நீ நம்பப் போவதில்லை. இனி எழுதப்போவதை எப்படி நம்புவாயோ தெரியவில்லை.

இன்று காலை தாடிக்கொம்பு மைதானத்தில் லாரியிலிருந்து ராட்டினத்தின் இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அச்சில் பூசிய கிரீஸ் வாடை ரோடு வரைக்கும் வந்தது. செத்த நேரம் நின்று மோந்துவிட்டு, வாங்க வந்த கத்திரிக்காயையும் மறந்து வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துவிட்டேன்.

உனக்கு ராட்டினம் என்றால் உயிர். வருஷா வருஷம் உன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாய். பெட்டி உச்சிக்குப் போனதும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டுவாய். கீழே இறங்கும்போது உன் சிரிப்புச் சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இறங்கி வந்ததும் என்னைச் சீண்டாமல் விடமாட்டாய்.

“ஏய்யா, அம்புட்டு உசரத் தென்னையில ஏறுற ஆளு, இந்தத் தொட்டிக்குள்ள உக்காரப் பயமா?”

“மரத்த நான் புடிச்சிருக்கேன் புள்ள. இதுல எதப் புடிக்கிறது?”

“எதையும் புடிக்கக் கூடாது. ரெண்டு கையையும் விடணும். அப்பத்தான் அடிவயித்துல பூனைக்குட்டி பொரளும்.”

“அப்படின்னா?”

“சொன்னா வெளங்காது, ஏறுனாத்தான் வெளங்கும். உச்சியிலேர்ந்து நம்ம வீட்டு ஓடுகூடத் தெரியுது, தெரியுமா?”

“நான் ஏறுற மரத்துலயே தெரியாதது இதுல தெரியுதாக்கும்? போடீ, பொய்க்காரி.”

அடுத்த வருஷம் ஏறுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டினேன். தலை சுற்றும் என்று உன்னிடம் சொன்னது பொய். உண்மையை இப்போது எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நமக்குக் கல்யாணமான மறு வருஷம் ஆத்தூர்த் தோப்பில் ஒரு மரத்தில் கை நழுவிவிட்டது. நாலு முழம் சறுக்கி விழுந்தேன். எப்படியோ மரத்தை மறுபடி கட்டிப்பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து நீ கேட்டபோது, மட்டை கிழித்துவிட்டது என்றேன். விழுந்தேன் என்று சொன்னால் நீ என்னை மறுநாள் மரமேற விட்டிருக்க மாட்டாய். அந்த நாலு முழத்தில் அடிவயிற்றில் என்னவோ புரண்டது. நீ ராட்டினத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். உனக்குச் சிரிப்பு தந்தது எனக்குச் சாவாகத் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அமெரிக்காவில் நம் மகன் வீட்டில் இருந்தேன். அவன் ஆபீசில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவனுக்கும் மருமகளுக்கும் ஒரு விமானத்தில் இடம் கிடைத்தது. ஊருக்குப் போகிற விமானம் இல்லை, புள்ள. கிளம்பிய இடத்திலேயே திரும்ப இறங்குவது. நடுவில் ஆட்களை மிதக்கவிடுவதற்கென்றே பறக்கிறது. மருமகள் ஐந்து மாதமாக இருக்கிறாள், அவளை ஏற்ற மாட்டார்கள். மகன் என்னைக் கூப்பிட்டான்.

“பிளேன் மேல ஏறி, வளைஞ்சு, விழுற மாதிரி எறங்கும்ப்பா. நாமளும் அதோட சேந்து விழுவோம். அதான் மெதக்குற மாதிரி இருக்கும்.”

“விழுறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? ஆள விடுடா.”

அவன் வற்புறுத்தவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே, “அம்மா இருந்திருந்தா மொத ஆளா ஓடிப்போயி நின்னிருக்கும்” என்றான். மறுநாள், ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்போம் என்று நானே சொன்னேன். டாக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, முப்பது வயசுக்காரன் நெஞ்சு என்றாராம். சம்மதத் தாளில் கைரேகை வைக்கவில்லை. என் பெயரை நானே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள்.

நீல நிறத்தில் ஒரே துணியில் தைத்த உடுப்பு கொடுத்தார்கள். மகன் சொல்லி, நெஞ்சில் ஒட்டும் சீட்டில் என் பெயரைத் தமிழிலேயே போட்டிருந்தார்கள். குனிந்தபடியே நேராகப் படிக்க வந்தது; அப்படியானால் எதிரே நிற்பவர்களுக்குத் தலைகீழ். திடுக்கென்றது.

“ஏலே, உங்கப்பன் பேரத் தலைகீழா ஒட்டிப்புட்டாய்ங்கடா!”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “மொதத் தடவ போறவங்களுக்கு அப்படித்தான்ப்பா. மெதந்துட்டு வந்தாத்தான் நேரா ஒட்டுவாங்க.”

சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஏறினேன். செருப்பைக் கழற்றச் சொன்னபோது உன் ஞாபகம் வந்தது. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

உள்ளே பின்பக்கம் மட்டும்தான் நாற்காலி. மற்ற இடமெல்லாம் காலி. தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் மெத்தை. மேலே போனதும் எங்களைத் தரையில் படுக்கச் சொன்னார்கள். விமானம் நிமிர்ந்து ஏறியது. நெஞ்சில் நாலு குலைக் காயை ஏற்றி வைத்தது போல ஓர் அழுத்தம். கை தூக்க முடியவில்லை. பிறகு சட்டென்று அந்தப் பாரம் காணாமல் போயிற்று. முதுகுக்குக் கீழே தரையும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆத்தூர்த் தோப்பில் செய்ததையே செய்தேன். கைக்குக் கிடைத்ததைக் கட்டிப்பிடித்தேன். கிடைத்தது பக்கத்தில் மிதந்த ஒரு வெள்ளைக்காரரின் கால். பனைமரம் மாதிரி உயரமான ஆள். இரண்டு கையாலும் அணைத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பதித்து, மேலே ஏறவே ஆரம்பித்துவிட்டேன். இடுப்பு வரை போய்விட்டேன், புள்ள! அவர் கத்தவில்லை, சிரித்தார். மகன்தான், “அப்பா, அது மரமில்லப்பா! எறங்குங்க!” என்று அலறினான்.

மொத்தம் பன்னிரண்டு தடவை மிதக்க விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம்கூட இருக்காது. இரண்டாவது தடவையிலிருந்து, பிடித்துக்கொள்ளத் தரையோரம் தைத்திருந்த பட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். உடம்பு மிதந்தது; கை மட்டும் விடவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் குட்டிக்கரணம் அடித்தார்கள். என் மகன் கூரையில் நடந்தான். நான் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி கிடந்தேன். “விடுங்கப்பா, விழ மாட்டீங்க, நான் இருக்கேன்” என்று அவன் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினான். பத்தும் முடிந்தது. இரண்டுதான் பாக்கி. அப்படியே இறங்கிவிட்டால் உனக்குக் காட்ட முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றாவது தொடங்கியது. எங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் எனக்கு எதிரே மிதந்து வந்தாள். பாஷை தெரியாததால் பேசவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ராட்டினத்தின் உச்சியில் நீ காட்டுவாயே, அதே மாதிரி.

விட்டுவிட்டேன். முதலில் வலது கை, பிறகு இடது கை.

விழவில்லை, புள்ள! மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கம்பளிப் பூச்சி நூலில் தொங்குமே, அந்த நூலும் இல்லாமல் தொங்கினேன். கால் தானாக மேலே வந்தது. அடிவயிற்றில் அது புரண்டது. தோப்பில் புரண்டதேதான், ஆனால் இப்போது அதற்கு நகம் இல்லை. பூனைக்குட்டியேதான்! நீ சொன்னது இதைத்தானா என்று கத்தினேன். கத்தினேனா சிரித்தேனா தெரியாது. உன் சிரிப்பு மாதிரியே ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது. மகன் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். நிற்க அங்கே தரை ஏது, மிதந்துவிட்டான். பன்னிரண்டாவது தடவை நானே குட்டிக்கரணம் அடித்தேன்.

இறங்கியதும் மகனிடம் கேட்டேன். “ராட்டினம் எறங்குறப்பவும் இதேதானாடா?”

“அதேதான்ப்பா. அது கொஞ்சம், இது முழுசு.”

அப்படியென்றால் நீ இதை எனக்கு முன்பே, வருஷா வருஷம், தாடிக்கொம்பிலேயே பார்த்துவிட்டாய். நான் கீழே செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பெயர்ச் சீட்டை நேராக ஒட்டிக் கொடுத்தார்கள். இந்த நோட்டின் அட்டையில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பூனைக்குட்டி இன்னும் எனக்குள் இருக்கிறது. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால் எழுந்து பார்க்கிறது. நான் தனியாகச் சிரிக்கிறேன், ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உன் செருப்பு வாசலில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. திருவிழாவன்று அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். என் செருப்பையும் கழற்றி, இரண்டு ஜோடியையும் கீழே பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறுவேன். எனக்கு இரண்டு கையும் வேண்டும். நம் வீட்டு ஓடு உச்சியிலிருந்து நிஜமாகவே தெரிகிறதா என்று பார்த்து, அடுத்த வாரம் எழுதுகிறேன்.