உள்ளங்கையில் ஒன்றுமில்லை

என் கண்ணுக்கு,

சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். கன்னமும் காதோரமும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன, பயப்படாதே. கைப்பேசியும் உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். இந்த மாதம் நீ கிள்ளானுக்கு வர வேண்டாம்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போதும்லா, கவரை ஒட்டு" என்றார்.

அவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. இனி எழுதுவதை நான் வாசித்துக் காட்டப்போவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அடிபட்டு வருகிறவர்களின் காயங்களை ஆராய்கிறவள் நீ. "விழறவங்க மொதல்ல கையைத்தாம்மா ஊனுவாங்க. உள்ளங்கை சிராய்ச்சிருக்கும்" என்று ஒருமுறை சொன்னாய்.

இப்போதுதான் என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தேன்.

ஒரு கீறல்கூட இல்லை, கண்ணு.

அம்மா