அடுத்த பகுதியை யார் எழுதுவது

8 மார்ச் 1999, திங்கள்

முதலாளி தம்புசாமி அண்ணன் எங்களுக்குப் புது வேலை பிடித்து வந்திருக்கிறார். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே எங்கள் கம்பெனி. பிரிக்பீல்ட்ஸில் இணையப் பக்கம் செய்து தருபவர்கள் என்று போர்டு போட்டிருக்கிறோம். இதுவரை ஒரு நகைக்கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு பல் டாக்டர். இப்போது தமிழ் மன்றம்.

ஒருவர் கதையைத் தொடங்குவார். முகம் தெரியாத இன்னொருவர் அடுத்த பகுதியை எழுதுவார். அதற்கடுத்ததை வேறொருவர். எல்லாருமாகச் சேர்ந்து ஒரே கதையை எழுதிக்கொண்டு போகும் பக்கம். திரையில் எது எங்கே இருக்கவேண்டும், எதை அழுத்தினால் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை.

வேலைக்கு வந்து முதல் தடவையாக எனக்கே ஆசையாக இருக்கிறது. அண்ணனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

12 மார்ச்

செயற்குழுக் கூட்டம். வரைந்து கொண்டுபோனதைக் காட்டினேன். மேலே, முன்னால் எழுதியவரின் பகுதி. கீழே வெற்றுப் பெட்டி. அதற்கும் கீழே ஒரே ஒரு பட்டன்: ‘அடுத்த பகுதியை எழுதுக.’ அவ்வளவுதான்.

தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு செயலாளர் ரெங்கசாமி – கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார் – கேட்டார்: “இதுல தலைவர் படம் எங்கம்மா?”

தலைவர் படம் வந்தால் செயலாளர் படமும் வரவேண்டும். செயலாளர் வந்தால் பொருளாளர் என்ன பாவம் செய்தார்? யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்பதில் சாயங்காலம் முழுக்கப் போனது. கதை என்ற சொல் கடைசிவரை யார் வாயிலும் வரவில்லை. போண்டா நன்றாக இருந்தது.

19 மார்ச்

தலைவர் சிவசம்பு ஐயா அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. யாரும் நினைத்தபடி எழுதிவிட்டுப் போக முடியாது என்கிறார். எழுதியதைச் செயற்குழு பார்க்க வேண்டும், பிறகு தலைவர் கையெழுத்திட வேண்டும்.

கம்ப்யூட்டரில் கையெழுத்து எப்படி ஐயா என்று கேட்டேன். காகிதத்தில் எடுத்து வா, போடுகிறேன் என்றார். கையெழுத்தானதை மறுபடி யார் தட்டச்சு செய்வது?

“அது உங்கட பிரச்சினை.”

மேசைக்கடியில் அண்ணன் என் காலை மிதித்தார்.

22 மார்ச்

இன்றைய முடிவு: பட்டன் வட்டமாக இருக்கக்கூடாது. பூஜ்யம் மாதிரி இருக்கிறதாம்.

30 மார்ச்

சோதனைக்காக ஒரு பக்கம் போட்டேன். படம் இல்லை, அனுமதி இல்லை. தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும். நிரப்புவதற்கு ஏதாவது எழுத வேண்டுமே – தோன்றியதை எழுதினேன். ஓர் அம்மா கிள்ளானில் தப்பான பஸ் ஏறி, பூச்சோங்கில் இறங்கி, சாலையோரம் நிற்கிறாள்.

தலைவர் வீட்டில் மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இருக்கிறது. முகவரியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ‘எழுத்து வருகுதாம்’ என்றார் போனில். வருகுதாம்? அவர் பார்க்கவில்லையா?

1 ஏப்ரல்

என் பகுதிக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்!

ஏப்ரல் முட்டாள் வேலை என்று அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அவருக்குத் தமிழில் தட்டச்சு செய்யவே தெரியாது.

பூச்சோங்கில் நின்ற அம்மா அடுத்த பஸ்ஸைத் தேடவில்லை. பீசாங் கோரெங் கடைக்குப் போகிறாள். எண்ணெயிலிருந்து எடுத்த வாழைப்பழத்தை வாங்கி நின்றபடியே தின்கிறாள். ‘சூடாக. யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல்.’

அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பெயர் போடும் இடம் காலி.

மூன்றாம் பகுதியை நான் எழுதினேன். வேலை நேரத்தில்தான்.

9 ஏப்ரல்

கதை வளர்கிறது. ஒன்று நான், ஒன்று அவர். காலையில் வந்ததும் சாமிப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்க்கிறேன்.

இன்று அலுவலகத்துக்கு ஒரு போன். வயதான பெண் குரல், யாழ்ப்பாணப் பேச்சு.

“பிள்ளை, எழுதுற பெட்டி நல்லாச் சின்னன். முன்னுக்கு எழுதின ஆள் என்ன சொன்னவர் எண்டு பாக்க மேல போனா, நான் எழுதினது காணாமப் போயிடுது.”

யார் பேசுவது என்று கேட்டேன். ‘எழுதுற ஆள்’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. பழைய பகுதி இடப்பக்கம், எழுதும் பெட்டி வலப்பக்கம், எழுத எழுதப் பெட்டி நீளும்படி மாற்றிவிட்டேன். இத்தனை கூட்டம் போட்டும் மன்றத்தில் ஒருவர்கூட அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டதில்லை.

17 ஏப்ரல், சனி

திறப்பு விழா. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து பட்டனை அழுத்தினார். படங்கள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தன. தலைவரின் முடி வந்தது. வரவேற்புரை முடிந்தது. நெற்றி வந்தது. வாழ்த்துரை முடிந்தது. மூக்குத் தெரிகிற நேரத்தில் டெலிபோன் லைன் அறுந்தது. பலத்த கைதட்டல்.

தலைவர் எழுதிய முதல் பகுதி மன்றத்தின் வரலாற்றோடு தொடங்குகிறது. கதாநாயகன் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறான். அவனும் ஓய்வுபெற்ற அதிகாரி.

3 மே

மன்றப் பக்கத்தில் இரண்டாம் பகுதி இன்னும் ஏறவில்லை. ரெங்கசாமி எழுதிக் கொடுத்தார். முதல் வரியிலேயே கதாநாயகன் கிள்ளான் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். தலைவர் சிவப்பு மையில் ‘உயிர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். ரெங்கசாமி மறுக்கிறார். பிணம் நடுவில் கிடக்கிறது.

7 மே

கூட்டத்திலிருந்து வந்ததும் எழுதுகிறேன்.

சோதனைப் பக்கத்தை ரெங்கசாமி கண்டுபிடித்துவிட்டார். யாரோ அனுமதியில்லாமல் எழுதுகிறார்கள் என்று அச்செடுத்துக் கூட்டத்தில் நீட்டினார். தலைவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் மாறியது. நல்ல தமிழ் என்றார். மன்றத்தின் பெயரில் ஆண்டு மலரில் போடலாம் என்றார். பேனா காகிதத்தில் படவே இல்லை.

நேற்று வந்த பகுதிக்கு வந்தார். பூச்சோங் அம்மா கடைக்காரியிடம் சொல்கிறாள்: ‘கல்யாணமான புதிதில் ஒரு கதை எழுதி அவரிடம் கொடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வளைத்துத் திருப்பித் தந்தார். கதை எப்படி என்று சொல்லவில்லை. அதன் பிறகு நான் கொடுக்கவில்லை.’

வாசிப்பதை நிறுத்தினார். பேனாவை மூடினார். கூட்டம் முடிந்தது என்றார்.

எல்லாரும் படியிறங்கின பிறகு என்னிடம் மட்டும், “இதை அழிச்சிடுங்கோ” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவர் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடுவது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மனைவி. போனில் பேசிய அதே யாழ்ப்பாணக் குரல். குணபூசணி ஆன்டி. திறப்பு விழாவில் பெண்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார், யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

8 மே

அழிக்கச் சொல்கிறார் அண்ணன். முடியாது என்றேன்.

“சீதா, கஸ்டமர் சொல்றதைச் செய் லா. இல்லன்னா திங்கக்கிழமை வராதே.”

வராட்டி என்ன? பாஸ்வேர்டு எங்கிட்டதானே இருக்கு! அவருக்கு மவுஸே ஒழுங்கா புடிக்கத் தெரியாது... இப்படியெல்லாம் எழுதுகிறேனே, வேலை போனால் அடுத்த வேலைக்கு எங்கே போவேன்? ஊரே ஆள் குறைப்பில் இருக்கிறது.

10 மே, திங்கள்

போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்த நல்லம்மாள் கச்சான் ஸ்டோர் என்கிற கடலைக்கடையின் பக்கத்தை முடித்துக் கொடு என்றார்.

மத்தியானம் ஆன்டி போன் செய்தார். பெட்டாலிங் ஜெயாவில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாராம். சண்டை இல்லையாம். ஐயா அந்த அச்செடுத்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் இருந்தாராம். அந்தப் பேசாமை முப்பது வருடப் பழக்கம், ஆனால் இந்தத் தடவை தன்னால் பக்கத்தில் உட்கார முடியவில்லை என்றார்.

அழித்துவிடட்டுமா ஆன்டி என்று கேட்டேன்.

“உங்கட பகுதிகளை வேணுமெண்டா அழியுங்கோ பிள்ளை. என்ரையைத் தொடாதேங்கோ.”

ஒன்றையும் தொடவில்லை.

24 மே

சிவசம்பு ஐயா போன். அண்ணனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். அழித்தாயிற்றா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்று கேட்டார்.

முதலில் மேலே போர்த்தியிருக்கும் துணியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். எந்தப் பட்டன், மோடம் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது – ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இதில எழுத ஆற்றையும் அனுமதி வேணுமோ?”

யாருடைய அனுமதியும் வேண்டாம் ஐயா என்றேன்.

27 மே

புதுப் பகுதி. பெயர் இல்லை. பாதி எழுத்துக்குப் புள்ளி இல்லை, தேடித் தேடித் தட்டியிருக்கிறார்.

பூச்சோங் அம்மாவின் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார். காலையில் எழுந்து தேத்தண்ணீர் போடுகிறார். சீனி எங்கே என்று தெரியவில்லை. எல்லா டின்னையும் திறக்கிறார்: மிளகாய், பருப்பு, என்னவென்றே தெரியாத ஒரு தூள். சீனியில்லாமல் குடிக்கிறார். அதோடு நின்றுவிட்டது. கடைசி வரி: ‘அடுத்த பகுதியைத் தெரிந்தவர் எழுதவும்.’

இந்தத் தடவை என் முறை. எழுதாமல் விட்டுவிட்டேன்.

2 ஜூன்

காலையில் ரெங்கசாமி போன் செய்தார். மன்றப் பக்கத்திலிருந்து படங்களையும் அனுமதி விதியையும் எடுத்துவிடத் தலைவர் சொல்லிவிட்டாராம். தலைவர் படம் போனால் நடு இடம் காலியாகத்தானே இருக்கும் என்று கேட்டார். எல்லாப் படமும் போகிறது அங்கிள் என்றேன். அப்படியா, என்றார்.

மாலையில் பார்த்தேன். சீனி தேடினவருக்குக் கீழே ஒரு பகுதி வந்திருந்தது. பூச்சோங் அம்மா திரும்பி வந்தாள் என்று அதில் இல்லை. வரமாட்டாள் என்றும் இல்லை. இவ்வளவுதான்:

‘சீனி மேல் தட்டில், பச்சை மைலோ டின்னில் இருக்கிறது. மூடி இறுக்கம். கரண்டிக் காம்பால் நெம்பவும். கையை வெட்டிக்கொள்ள வேண்டாம்.’